சைலன்சர் சாமியின் குளிர்ச்சித் தாயத்து

கடவுளுக்கு ஆயிரம் வேலை. டீசல் எஞ்சினைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்காது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கலகெதர ஏற்றத்தில் சைலன்சர் சாமி அவதாரம் எடுத்தார்.

நாடே கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வென்று துள்ளிக்கொண்டிருந்த வருஷம் அது. பிக்கப்கள் மட்டும் துள்ளவில்லை. குருநாகலிலிருந்து கண்டிக்குத் தேங்காயும் முட்டையும் ஏற்றிவரும் வண்டிகள், கலகெதர ஏற்றத்துக்கு வந்ததும் நாக்குத் தள்ளிவிடும். ரேடியேட்டர் கொதிக்கும், புகைக்குழாய் பழுக்கும். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, பொனட்டைத் தூக்கிவிட்டு, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார். எல்லோரும் வழக்கமாக நிற்கிற இடம் கடைசி வளைவுக்குச் சற்றுக் கீழே ஒரு பலாமரத்தடி. சாமி இமயமலையில் தவம் செய்து, காசியில் ஞானம் பெற்று, நாடெல்லாம் சுற்றிக் கடைசியில் ஆசிரமம் போடத் தேர்ந்தெடுத்த இடமும் அதே பலாமரத்தடிதான். ஞானம் என்றால் அதல்லவா ஞானம்!

‘ஸ்ரீலஸ்ரீ அக்கினி சாந்த சுவாமிகள், வாகன தோஷ நிவாரண பீடம்’ என்று மூன்று மொழியிலும் பலகை தொங்கியது. இந்த நாட்டில் மூன்று மொழியிலும் எழுத்துப் பிழை இல்லாத பலகையை நான் அங்கேதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அரசாங்கக் கந்தோருக்கு இல்லாத அக்கறை தோஷ நிவாரணத்துக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தால் போதும். பலாமரத்திலிருந்து கீழே மூன்று வளைவு வரைக்கும் பிக்கப், லொறி, வேன் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். பூசைக்கு எலுமிச்சைத் தேசிக்காய் விற்கிறவன், கற்பூரம் விற்கிறவன், கடலை விற்கிறவன் என்று ஒரு திருவிழாவே நடக்கும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். நாட்டைத் தலைவர்கள் ஒற்றுமைப்படுத்தினார்களோ இல்லையோ, சைலன்சர் ஒற்றுமைப்படுத்திவிட்டது.

சாமியின் தத்துவம் எளிமையானது.

“டீசல்னா என்ன?” என்று ஒலிபெருக்கியில் கேட்பார். கூட்டம் வாய் பிளக்கும். “பூமிக்கு அடியில செத்துக் கிடந்த பூதங்களோட ரத்தம்! அதைத் தோண்டி எடுத்து எரிக்கிறீங்க. அது கோபப்படாம என்ன செய்யும்? அந்தக் கோபம்தான் சூடு. அந்தப் பூதம்தான் கரும்புகை!”

“அரோகரா!” என்று ஒரு பக்கம். “சாது! சாது!” என்று சிங்களவர் பக்கம்.

அந்தப் பூதத்தை விரட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஏறிவந்த சூட்டோடு வண்டியை மரத்தடிக்குத் தள்ளுவார்கள். சாமி ஒரு குடம் தீர்த்தத்தைப் புகைக்குழாயில் ஊற்றுவார். ‘உஸ்ஸ்ஸ்’ என்று வெள்ளை வெளேரென ஆவி கிளம்பும். “அதோ போகுது பாருங்க!” என்பார். பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் ஆவி வராமல் பாயாசமா வரும் என்று யாரும் கேட்பதில்லை. பிறகு வண்டியைச் சுற்றி மஞ்சள் திரை கட்டுவார்கள். கண் படக் கூடாதாம். திரைக்கு உள்ளேயிருந்து ‘தட், தட்’ என்று அடிக்கிற சத்தம் கேட்கும். சிஷ்யப்பிள்ளை ராஜரத்தினம் பூதத்தை உதைக்கிறானாம். அதற்குமேல் ஒரு மணி நேரம் எல்லோரும் மௌனமாக இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எஞ்சின் தானாக ஆறிவிடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. திரை விலகும். சாவியைத் திருப்புவார்கள். வண்டி பூனைக்குட்டி மாதிரி உறுமும். கடைசி வளைவை ஒரே மூச்சில் ஏறிப் போய்விடும்.

போகும்போது ஒரு தாயத்து. பாக்களவு மஞ்சள் துணி முடிச்சு. எஞ்சின் காற்று இழுக்கிற குழாய் இருக்கிறதே, அதன் வாய்க்குள் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நூல் மட்டும் வெளியே தெரியும். முதல் தாயத்து இலவசம். கூடவே ஒரு போத்தல் தீர்த்தம். தினமும் விடியற்காலையில் குளித்து, ஈர வேட்டியோடு பொனட்டைத் திறந்து, அந்த நூல் வழியாக ஒரு கரண்டி தீர்த்தத்தைத் தாயத்தில் இறக்க வேண்டும்.

“தாயத்தை வெளியே எடுத்தா எஞ்சின் வெடிக்கும். பிரிச்சுப் பார்த்தா பார்த்தவன் தலை வெடிக்கும்” என்பது சாமியின் எச்சரிக்கை. ஆகவே ஒருவரும் பார்க்கவில்லை. தலை என்று ஒன்று இருப்பதே அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது என்னைப் பற்றி. நான் சுந்தரலிங்கம். கட்டுகஸ்தோட்டையில் சில்லறைக் கடை. எனக்கு முட்டையும் தேங்காயும் கொண்டுவந்து போடுகிறவன் வீரசிங்கம். குண்டசாலைக்காரன். பத்து வருஷம் மற்றவன் லொறியை ஓட்டி, மனைவி ஞானேஸ்வரியின் நகைகளையும் போட்டு, ஒரு பழைய ஜப்பான் டீசல் பிக்கப் வாங்கினான். தங்கமான பையன். கையும் காலும் ஓயாது. ஒரே ஒரு குறை, யார் எதைச் சொன்னாலும் நம்புவான். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் எயார் கிளீனரைத் தட்டிச் சுத்தம் பண்ணு, ஒயில் மாற்று என்று கராஜ்காரர் சொன்னதை மட்டும் நம்பமாட்டான்.

“அது அவங்க பிழைப்புக்குச் சொல்றதுங்க அண்ணே” என்பான்.

வாங்கிய நாளிலிருந்து எயார் கிளீனரைத் தொடவேயில்லை. குருநாகல் புழுதி முழுவதும் அதற்குள் குடியேறிவிட்டது. வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. வீரசிங்கம் சாமியிடம் போனான். தட் தட். வண்டி பறந்தது. அன்று அவன் என் கடைக்கு வந்து நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே! முகத்தில் ஒரு விரற்கடை திருநீறு.

“அண்ணே, சாமி தெய்வம்ங்க! நேத்து வரைக்கும் இழுக்காத வண்டி, இன்னிக்குக் காத்துல மிதக்குது!”

ஒரு வாரம் மிதந்தது. வீரசிங்கமும் பக்தியில் குறை வைக்கவில்லை. விடியற்காலைக் குளிரில் பல் தந்தியடிக்க, ஈர வேட்டியோடு கரண்டி கரண்டியாக ஊற்றினான். ஒரு கரண்டி போதும் என்றால் இவன் இரண்டு ஊற்றுவான். அதற்கப்புறம் பிக்கப் மறுபடி இருமத் தொடங்கியது. பின்னால் வருகிற பஸ்காரனுக்குப் பட்டப்பகலில் லைட் போட வேண்டிய அளவுக்குக் கரும்புகை. எஞ்சினோடு ஒட்டிய இரும்புக்குழாய் செக்கச் செவேலென்று கனன்றது. சூடு பின்பெட்டியின் தகரம் வரைக்கும் ஏறியது. ஏறிய இடத்தில் என் முட்டைகள் இருந்தன.

மறுநாள் கமலம் அக்கா கடைக்கு வந்து, உடைத்த முட்டையொன்றை என் மேசையில் வைத்தார்.

“ஏன் சுந்தரலிங்கம், முட்டையை அவிச்சே விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டியா? அப்ப உப்பும் மிளகும் சேர்த்துத் தர வேணாமா?”

நான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம்தான். வெள்ளைக்கரு கட்டியாகத் தொடங்கியிருந்தது உண்மை.

வீரசிங்கம் மறுபடி சாமியிடம் ஓடினான். மறுபடி திரை, தட் தட், புதுத் தாயத்து. இம்முறை இலவசம் இல்லை. வண்டி மறுபடி பறந்தது, மறுபடி ஒரு வாரத்தில் படுத்தது. இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாமி கண்ணை மூடி, ஆழமாக மூச்சிழுத்து, தலையை ஆட்டினார்.

“வீரசிங்கம், இது தலை வாங்குற வண்டி. சாதாரணப் பூதம் இல்லை. அடுத்த வெள்ளிக்குள்ள கை மாத்திடு. இல்லாட்டி உன் வீட்டுல ஒரு தலை விழும்.”

வீரசிங்கம் சாமியின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். “யார் சாமி வாங்குவாங்க?”

சாமி பெரிய மனதோடு ஒரு வழி சொன்னார். சிஷ்யன் ராஜரத்தினம் இருக்கிறான். அவனுக்கு மந்திரபலம் உண்டு. பழைய இரும்பு விலைக்கு அந்தத் தோஷத்தை அவன் தன் தலையில் ஏற்றுக்கொள்வான். எவ்வளவு தியாகம் பாருங்கள்! அவன் ஏற்கனவே இப்படிப் பல தோஷங்களை ஏற்றுக்கொண்டிருந்தான். அந்தத் தோஷமெல்லாம் பெயின்ட் அடிக்கப்பட்டு, குருநாகல் பக்கம் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ராஜரத்தினம் சாமியின் மச்சான் என்பதும் ஊருக்குத் தெரியும். முற்றும் துறந்த சந்நியாசிக்கு மச்சான் எப்படி வந்தான் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஞானேஸ்வரிக்கு விஷயம் தெரிந்த அன்று அவர்கள் வீட்டுச் சத்தம் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞானேஸ்வரி நகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் கிளார்க். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நாள் முழுக்க வருகிற முறைப்பாடுகளைக் கேட்டுக் கேட்டு, பொறுமை என்ற சாமானை வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே தீர்த்துவிட்டவள். மறுநாள் இருவரும் என் கடைக்கு வந்து, என்னை நடுவில் நிறுத்திச் சண்டை பிடித்தார்கள்.

“நீங்களே சொல்லுங்க அண்ணே” என்றாள். “வண்டி போச்சுன்னா இவரு மறுபடி அடுத்தவன் லொறியில ஏறணும். நாங்க ரெண்டு பேரும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்தது அது. அதைப் பழைய இரும்புக்குக் குடுக்கிறதா?”

“தலை போனா வண்டி இருந்து என்ன புள்ள செய்ய?” என்றான் வீரசிங்கம். அவன் கண் கலங்கியிருந்தது. “விழற தலை உன்னோடதா இருந்தா?”

“என் தலையை நான் பார்த்துக்கிறேன். உங்க தலைக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க!”

பாவம், அவனுக்கு அவள்மேல் உயிர். பயமெல்லாம் அவளுக்காகத்தான். மூடநம்பிக்கைக்காரர்கள் கெட்டவர்களாக இருந்தால் வேலை எவ்வளவு சுலபம்! நல்லவர்களாக இருந்து தொலைக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து, அதே ரோட்டில் லோடு ஏற்றுகிற மடவளை முஸ்லிம் அண்ணன் ஹுஸைன் நானா தன் பிக்கப்பைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார். வீரசிங்கத்தின் வண்டியும் அதுவும் ஒரே ரகம். அதைவிட இரண்டு வருஷம் மூத்தது. அதுவும் அன்று காலைதான் கலகெதர ஏற்றம் ஏறி வந்திருந்தது. புகையும் இல்லை, சூடும் இல்லை. ஹுஸைன் நானா விசில் அடித்துக்கொண்டு இறங்கி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்கப் பொனட்டைத் தூக்கினார்.

ஞானேஸ்வரி வண்டியைப் பார்த்தாள். திறந்த பொனட்டுக்குள் மஞ்சள் நூல் தொங்கியதையும் பார்த்தாள்.

“நானா, நீங்களும் அந்தத் தாயத்துக் கட்டியிருக்கீங்களா?”

“நான் எங்க கட்டின?” என்றார் அவர். “மரத்தடியில பொனட்டத் தொறந்து வுட்டுட்டு ஒரு தூக்கம் போட்டேன் தங்கச்சி. எழும்பிப் பார்த்தா கட்டி வுட்டீக்கி. சும்மா கெடக்கட்டுமேன்னு வுட்டேன்.”

“தீர்த்தம் ஊத்துறீங்களா?”

“அல்லாவே! சுபஹு தொழுதுட்டு வந்தா லோடு ஏத்தவே நேரம் காணாது. அந்தப் போத்தல வைப்பர் டேங்குக்குள்ள ஊத்திட்டேன். முன்கண்ணாடி இப்ப பளிங்கு மாதிரி ஈக்கி!”

ஞானேஸ்வரி அந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தாள். 

“ஒரே வண்டி, ஒரே ரோட்டு, ஒரே தாயத்து” என்றாள் மெதுவாக. “பக்தியா ஊத்துறவன் வண்டி படுக்குது. ஊத்தாதவர் வண்டி பறக்குது. அப்ப என்னங்க அர்த்தம்?”

“நானா போன ஜென்மத்துல புண்ணியம் செஞ்சிருப்பாரு” என்றான் வீரசிங்கம்.

“எங்களுக்குப் போன ஜென்மமே இல்லப்பா” என்றார் ஹுஸைன் நானா. “நான் மாசா மாசம் எயார் கிளீனரத் தட்டி ஊதுவேன். அதுக்கு மட்டும் சோம்பல் இல்ல. காத்து போகாட்டி டீசல் ஒழுங்கா எரியாது. எரியாதது கரும்புகையா வரும், குழாய் பழுக்கும். இதுல என்ன பூதம் ஈக்கி?”

“எங்க ஆபீசுல தண்ணி வரலைன்னு வந்து சொன்னா, நாங்க முதல்ல குழாயில என்ன அடைச்சிருக்குன்னுதான் பார்ப்போம்” என்றாள் ஞானேஸ்வரி. “வீட்டுக்காரர் ஜாதகத்தைப் பார்க்க மாட்டோம்.”

உடனே தாயத்தை வெளியே எடுக்கப் போனவளை வீரசிங்கம் காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தான். எஞ்சின் வெடித்துவிடுமாம். சரி என்று அவள் வேறு வேலை செய்தாள். தீர்த்தப் போத்தலை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தாள். நல்ல வெயில் நாட்கள். ஊற்ற ஒன்றும் இல்லாததால் தாயத்து காய்ந்தது. வியாழக்கிழமைக்குள் வண்டி பாதிக்குமேல் தேறிவிட்டது.

“பார்த்தியா!” என்று குதித்தான் வீரசிங்கம். “தீர்த்தம் இல்லாமலே வேலை செய்யுது! எவ்வளவு சக்தியுள்ள தாயத்து!”

ஞானேஸ்வரி சுவரில் முட்டிக்கொள்ளாதது அந்தச் சுவரின் அதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமை வந்தது. வண்டியைக் கைமாற்றும் நாள். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். நாங்கள் மேலே கண்டிப் பக்கமிருந்து வந்ததால், வரிசையில் நிற்காமல் நேரே மரத்தடிக்கே போய், வண்டியை மேல்நோக்கித் திருப்பி நிறுத்தினோம். கீழ்ப்பக்கம் வழக்கம்போல மூன்று வளைவுக்கு வண்டிகள். வீரசிங்கம் எப்படியோ அரிசி வாளியைக் கிளறிப் போத்தலைக் கண்டுபிடித்திருந்தான். இறங்கியதும் பொனட்டைத் திறந்து, கண்ணில் நீர் வழிய, “போய் வா ராசா” என்று சொல்லி, போத்தலில் இருந்ததை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தாயத்தில் கவிழ்த்தான். பிறகு சாவியை இரண்டு கையாலும் ராஜரத்தினத்திடம் கொடுத்தான். ராஜரத்தினம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பேனா தேடினான்.

“கொஞ்சம் இருங்க” என்றாள் ஞானேஸ்வரி. மேடையில் இருந்த சாமியின் முன்னால் போய்க் கைகூப்பினாள். அந்தக் குரலில் இருந்த பணிவைக் கேட்டு எனக்கே பயமாகிவிட்டது. “சாமி, ஒரே ஒரு ஆசை. உங்க தாயத்தோட மகிமையை எங்க கண்ணால பார்க்கணும்.”

“கேள் தாயி” என்றார் சாமி. ஒலிபெருக்கி எல்லோருக்கும் கேட்கும்படி முழங்கியது.

“உங்க கையால ஒரு புதுத் தாயத்து. உங்க குடத்துல இருந்து ஒரு கிளாஸ் தீர்த்தம். தாயத்தைத் தீர்த்தத்துல போட்டு இந்த மேடையில வைங்க. எல்லாரும் பார்ப்போம். அவ்வளவுதான்.”

சாமியின் முகத்தில் இருந்த திருநீறு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த முகம்தான் கொஞ்சம் மாறியது.

“சோதிப்பது பாவம்!”

“தினமும் விடியக்காலையில இதே தாயத்துல இதே தீர்த்தத்தைத்தானே ஊத்தச் சொல்றீங்க? அது பாவமில்லைன்னா இது எப்படிப் பாவம் சாமி?”

சாமி என்ன பதில் சொல்லியிருப்பாரோ தெரியாது. அவரைக் கவிழ்த்தது ஞானேஸ்வரி அல்ல, அவருடைய சொந்தப் பக்தர்கள். அற்புதம் ஒன்று நடக்கப் போகிறது என்று அவர்கள் முடிவே பண்ணிவிட்டார்கள்.

“காட்டுங்க சாமி! காட்டுங்க!”

“பென்வன்ன சாமி, பென்வன்ன!” என்று சிங்களத்திலும் அதையே கத்தினார்கள்.

கூட்டம் மேடையை நெருக்கியது. கிளாஸுக்கு ஆள் ஓட வேண்டியிருக்கவில்லை. ஹுஸைன் நானாவின் பிக்கப் பக்கத்திலேயே நின்றது. கலகெதரையில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஃபலூடா போட, பால் வாளியும் ரோஸ் சிரப்பும் உயரமான கிளாஸுகளுமாக அவருடைய மனைவி ஹபீலா அதில் உட்கார்ந்திருந்தார். மடவளையில் ஹபீலாவின் ஃபலூடாவுக்கு அவ்வளவு பேர். வேடிக்கை பார்க்கக் கிடைத்த சந்தோஷத்தில் அவரே ஒரு கிளாஸைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

ஒரு பக்தர் மேடைத் தட்டிலிருந்து தாயத்தை எடுத்தார். இன்னொருவர் குடத்தைச் சரித்தார். சாமி “வேண்டாம், வேண்டாம்” என்றது அரோகராவில் கரைந்துபோனது. தாயத்து கிளாஸுக்குள் விழுந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மஞ்சள் முடிச்சு அசைந்தது. உப்பியது. பாக்களவு இருந்தது தேசிக்காய் அளவாயிற்று. துணியின் சுருக்கமெல்லாம் விரிந்து, கிளாஸின் இரண்டு பக்கத்தையும் முட்டிக்கொண்டு வழுவழுவென்று வளர்ந்தது.

“வளருது! தாயத்து வளருது!” என்று ஒருவர் அலறினார். “உயிர் வந்திருச்சு!”

அவ்வளவுதான். முன்வரிசை முழுவதும் தொபீர் தொபீரென்று விழுந்து கும்பிட்டது. ஒரு அம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. கற்பூரக்காரன் ஓடிவந்து கிளாஸுக்கே தீபாராதனை காட்டினான். சாமியே திகைத்துப்போய், தப்பித்துவிட்டோம் போலிருக்கிறதே என்று ஒரு கையை உயர்த்தி ஆசீர்வதிக்கத் தொடங்கினார். ஞானேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டாள். மோசடியைக் கண்முன்னால் திறந்து காட்டினால் அதற்கும் கற்பூரம் கொளுத்துகிற சனத்தை என்ன செய்வது?

ஹபீலா மட்டும் கும்பிடவில்லை. கிளாஸுக்குக் கிட்டப் போய் மூக்கைச் சுளித்துப் பார்த்தார். துணியைச் சின்ன விரலால் ஒரு கிழி கிழித்தார். தலை வெடிக்கப் போகிறது என்று எல்லோரும் காதைப் பொத்தினார்கள். தலை வெடிக்கவில்லை. கருப்புப் புள்ளி வைத்த கண்ணாடி மணிகள் கொழகொழவென்று கிளாஸுக்குள் சரிந்தன.

“அடப் பாவிகளா, இது கசகசா!” என்றார் ஹபீலா. “நான் தெனமும் வாளிக்கணக்குல ஊறப் போடுறது இதத்தானே!”

தண்ணீர் பட்டால் உப்புகிற சப்ஜா விதைக்கு எங்கள் பக்கத்தில் கசகசா என்றுதான் பெயர். ஹபீலா சொன்னதோடு நிற்கவில்லை. மேலே ஒரு கரண்டி ரோஸ் சிரப் விட்டார். பாலை ஊற்றினார். கலக்கினார். கிளாஸ் இளஞ்சிவப்பில் மினுமினுத்தது.

“அப்போய்!” என்றான் கும்பிட்டுக் கிடந்த ஒரு சிங்கள டிரைவர், தலையை மட்டும் தூக்கி. “மேக்க ஃபலூடா நே!” இது ஃபலூடா அல்லவா என்று அர்த்தம்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர். பிறகு அந்த ஏற்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அருள் வந்த அம்மாள் அருளை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். ஞானேஸ்வரி கிளாஸை எடுத்துச் சாமியிடம் நீட்டினாள்.

“குடிங்க சாமி. உடம்புக்குக் குளிர்ச்சி. எஞ்சினோட மூச்சுக்குழாயில அடைச்சாத்தான் சூடு!”

சிரிப்பு அடங்க அடங்கத்தான் ஆட்களுக்கு விஷயம் தலைக்குள் இறங்கியது. தாங்களே விடியற்காலையில் எழும்பி, குளித்து, நடுங்கி நடுங்கி ஊற்றி, தங்கள் வண்டியின் மூச்சைத் தாங்களே அடைத்திருக்கிறார்கள். திரைக்குள் கேட்ட ‘தட் தட்’ என்பது எயார் கிளீனரைத் தட்டித் தூசி உதிர்த்த சத்தம். வண்டி தேறியதற்குக் காரணம் அதுதான். படுத்ததற்குக் காரணம் கசகசா. விற்றதற்குக் காரணம் பயம்.

“என் வண்டியையும் இப்படித்தானே வாங்கினீங்க!” என்று பின்னாலிருந்து ஒருவன் கர்ஜித்தான். “என்னோடதையும்!” என்றான் இன்னொருவன்.

சாமி துறவி அல்லவா, எல்லாவற்றையும் துறந்து ஓடினார். காவி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கீழே போக வழியில்லை. அவருடைய பக்தர்களின் வண்டிகளே மூன்று வளைவுக்கு அடைத்துக்கொண்டு நின்றன. மேலே போகத் தயாராக நின்றது ஒரே வண்டி, வீரசிங்கத்தின் பிக்கப். சாவி ராஜரத்தினத்தின் இடுப்பில் இருந்தது. சாமியும் மச்சானும் பொனட்டை அறைந்து மூடிவிட்டுத் தாவி ஏறினார்கள். வண்டி கிளம்பியது.

“என் வண்டி! ஐயோ என் வண்டி!” என்று வீரசிங்கம் தெருவில் ஓடினான். ஞானேஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது. கையெழுத்தும் இல்லை, காசும் இல்லை, வண்டியும் போய்விட்டது. 

பிக்கப் உறுமியது, இருமியது. பின்னாலிருந்து பூதமே வெட்கப்படும் அளவுக்குக் கரும்புகை கக்கியது. வீரசிங்கம் கவிழ்த்த ஒரு போத்தல் தீர்த்தத்தையும் குடித்து ஊறிய கசகசா, மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. கடைசி வளைவில் வண்டி விக்கியது. நின்றது. ராஜரத்தினம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் சாமி டாஷ்போர்டைத் தட்டித் தட்டி எதையோ முணுமுணுத்தார். அது மந்திரமா வசவா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எஞ்சினுக்குக் கேட்கவில்லை. கூட்டம் நடந்தே போய் இருவரையும் பிடித்தது.

பொலிசார் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். போவதற்குமுன் ஒரு கான்ஸ்டபிள் இரகசியமாகச் சாமியிடம், “எங்க ஜீப்பும் புகை விடுதே, அதுக்கு என்ன செய்யலாம்?” என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

ஹுஸைன் நானா பொனட்டைத் திறந்து நூலைப் பிடித்து இழுத்தார். ‘ப்ளக்’ என்று ஒரு வழுவழுப்பான உருண்டை வெளியே வந்து விழுந்தது. எஞ்சின் வெடிக்கவில்லை. வீரசிங்கம் சாவியைத் திருப்பினான். கொஞ்சம் தும்மிவிட்டு வண்டி ஸ்டார்ட் ஆனது. புகை மெல்ல மெல்ல வெளுத்தது. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். ஞானேஸ்வரி ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் தலையைத் தடவினாள்.

“தலை பத்திரமா இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு புள்ள.”

“இனிமேலாவது அதைப் பாவிச்சு யோசிங்க.”

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நாங்கள் திரும்பிப் பார்த்தால், சாமியைத் துரத்திய அதே கூட்டம் ஞானேஸ்வரிக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கிறது. கையில் தேசிக்காய், கற்பூரம். முதலில் நின்றவர் சாஷ்டாங்கமாக அவள் காலில் விழுந்தார்.

“அம்மா, போலிச்சாமியைப் பிடிச்ச உண்மைத் தெய்வம் நீங்கதான்! உங்க கையால எங்க வண்டியை ஒரு தடவை தொட்டுக் குடுங்க தாயே!”

ஞானேஸ்வரி இரண்டடி பின்னால் குதித்தாள். பிறகு அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதற்கு எந்தத் தீர்த்தமும் பற்றாது.

“எழும்புய்யா! என் காலுக்குக் கீழ எயார் கிளீனரா இருக்கு?” என்று அவள் போட்ட சத்தத்தில் பலாமரத்துக் காக்கை எல்லாம் பறந்தன. “மாசத்துக்கு ஒரு தடவை வண்டியோட பொனட்டைத் திறந்து பாருங்க. யாராவது காவி கட்டிக்கிட்டு வந்தா, அதுக்கு முன்னாடி உங்க சொந்தத் தலையைத் திறந்து பாருங்க. அதுக்குள்ள எவன் எவன் எதை எதை ஊறப் போட்டு வச்சிருக்கானோ!”